தமிழ்ப் பிரதியோடு வேலை செய்கிறவர்களுக்கு ரூபி எப்படி?

நான் திருச்சியிலிருந்து சில பதிப்பகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கிறேன். ஆய்வு நூல் என்றால் கடைசிப் பக்கங்களில் வரும் சொல்லடைவு, பெயரடைவு செய்து தருவதும் என் வேலை. அதனால் இது மென்பொருள் பொறியாளர் எழுதும் மதிப்புரை அல்ல. நாள் முழுக்கத் தமிழ் எழுத்தோடு மல்லுக்கட்டுகிற ஒருத்தி, ரூபி என்ற கட்டற்ற நிரல்மொழியை வேலைக்கு வைத்துப் பார்த்ததில் எது கைகொடுத்தது, எது படுத்தியது என்பதைச் சொல்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். தமிழ் உரையை அலசவும் அடுக்கவும் ரூபி மிக நல்ல மொழி. நிரலே எழுதியறியாதவர்களும் இதில் தொடங்கலாம். ஆனால் தமிழ் என்பதாலேயே காலை இடறும் இடங்கள் சில உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டு நுழைந்தால் பாதித் தொல்லை குறையும்.

சொல்லடைவில் பாதி வேலை அகரவரிசை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் பொதுத் தரமான யூனிகோடு தமிழ் எழுத்துகளை வைத்திருக்கும் வரிசை நம் அகராதி வரிசை அல்ல. அதில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, பிறகு ல, ள, ழ, வ என்று போகும். ச-வுக்குப் பின்னாலேயே ஜ வந்து நிற்கும். புள்ளிக்குறி எல்லா உயிர்க்குறிகளையும் தாண்டிக் கடைசியில் இருக்கும். இந்த எண் வரிசையை நம்பி அடுக்கினால் ‘மரம்’ வருவதற்கு முன் ‘மனம்’ வந்துவிடும். ‘பக்கம்’ முதலில் வர வேண்டும், ‘பகல்’ முந்திக்கொள்ளும். மலை, மழை, மளிகை என்று இருக்க வேண்டியது மலை, மளிகை, மழை என்று ஆகும். நானூறு பக்க நூலுக்கு இதைக் கையால் சரிசெய்வது எவ்வளவு அலுப்பு என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அக்கா மகன் சென்னையில் ரூபியில்தான் வேலை பார்க்கிறான். “சித்தி, இதை ஏன் கையால பண்றீங்க? பைத்தான்லயும் பண்ணலாம், ரூபிலயும் பண்ணலாம். உங்களுக்கு ரூபிதான் ஒத்துவரும், வாசிச்சா வாக்கியம் மாதிரி இருக்கும்” என்றான். அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

ரூபியை உருவாக்கியவர் ஜப்பானியரான யுகிஹிரோ மட்சுமோட்டோ. எல்லோரும் மாட்ஸ் என்கிறார்கள். 1993-ல் தொடங்கி 1995 டிசம்பரில் பொதுவெளியில் விட்டார். ஜப்பானில் பிறந்த மொழி என்பது நமக்கு முக்கியம். ஆங்கிலம் அல்லாத எழுத்துகளோடு, அதுவும் பல குறியாக்கங்களில் (எழுத்துகளைக் கணினியில் எண்களாக வைக்கும் முறைகளில்) சிதறிக் கிடந்த எழுத்துகளோடு, புழங்கிப் பழகியவர்கள் கட்டிய மொழி இது. 1.9 பதிப்பு முதல் ரூபியின் ஒவ்வொரு சரமும் (எழுத்துகளின் தொடர்) தான் எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்பதைத் தன்னுடனேயே வைத்திருக்கிறது. 2013-ல் வந்த 2.0 முதல் நிரல்கோப்பே யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறியாக்கத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. அதனால் நிரலுக்குள் தமிழை நேராக எழுதலாம், தனி அறிவிப்பு எதுவும் தேவையில்லை. மதிப்புகளைப் போட்டுவைக்கும் மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்கலாம். என் நிரல்களில் ‘பக்கம்’, ‘சொற்கள்’, ‘வரிசை’ என்றுதான் பெயர்கள் இருக்கின்றன. ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் எது என்ன என்று எனக்கு உடனே புரிகிறது.

நிறுவுவது பற்றிச் சுருக்கமாக. விண்டோஸ் என்றால் ரூபி இன்ஸ்டாலர், அதிலும் டெவ்கிட் என்ற துணைக்கருவிகள் சேர்ந்த பதிப்பை எடுங்கள். நிறுவும்போது பாத்-தில் (கணினி நிரல்களைத் தேடும் இடங்களின் பட்டியலில்) சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் இருக்கட்டும். கடைசியில் ஒரு கறுப்புத் திரை 1, 2, 3 என்று கேட்டு நிற்கும். எதுவும் தட்டாமல் என்டர் அழுத்தினால் போதும். உபுண்டுவில் ஒரே கட்டளையில் வந்துவிடும். மேக்கில் ஏற்கெனவே ஒரு ரூபி இருக்கும், ஆனால் அது பழைய 2.6, அதை விட்டுவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸில் 3.0-க்கு முந்தைய பதிப்பு வேண்டவே வேண்டாம். கோப்புகளைத் திறக்கும்போது யுடிஎஃப்-8 என்று தானாக எடுத்துக்கொள்வது அங்கே 3.0-இல்தான் வந்தது. அதற்கு முன் தமிழ்க் கோப்பு என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். நிறுவாமலே பார்க்க வேண்டும் என்றால் ‘ட்ரை ரூபி’ என்ற அதிகாரபூர்வத் தளத்தில் உலாவியிலேயே எழுதி ஓட்டலாம்.

அப்புறம் ஐஆர்பி. ஒரு வரி எழுதி என்டர் தட்டினால் உடனே பதில் சொல்லும் திரை. ரூபி கற்கத் தொடங்குகிறவர் முதல் வாரம் முழுக்க இதற்குள்ளேயே இருக்கலாம். ஆப்ஜெக்ட் ஓரியண்டட் என்று பெரிய பெயராகச் சொல்கிறார்களே, அது என்ன என்பது பாடம் படிக்காமலே இங்கே பிடிபடும். ரூபியில் எல்லாமே ஆப்ஜெக்ட்தான். 5 என்ற எண், ஒரு சொல், ஒன்றுமே இல்லை என்பதைக் குறிக்கும் ‘நில்’ கூட. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு புள்ளி வைத்துக் கேள்வி கேட்கலாம். அப்படிக் கேட்கும் ஒவ்வொன்றுக்கும் மெத்தட் என்று பெயர். 5-க்குப் புள்ளி வைத்து ‘டைம்ஸ்’ என்று ஒரு வேலையைக் கொடுத்தால் ஐந்து முறை செய்யும். ‘மெத்தட்ஸ்’ என்று கேட்டால் தனக்கு என்னென்ன தெரியும் என்று பட்டியலே போடும். மொழி முழுக்க இந்த ஒரே பழக்கம் என்பதால், ஒரு இடத்தில் கற்றது அடுத்த இடத்தில் அப்படியே செல்லுபடியாகிறது.

‘தமிழ்’ என்று மேற்கோள்குறிக்குள் எழுதி அதன் ‘லெங்த்’ கேட்டுப் பாருங்கள். 5 என்று வரும். நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடு கணக்கில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. திருப்பி எழுதச் சொல்லி ‘ரிவர்ஸ்’ கொடுத்தால் புள்ளி முதலில் வந்து சொல் சிதைந்துவிடும். பலர் இங்கே சோர்ந்துபோய், தமிழுக்கு இது ஆகாது என்று மூடிவிடுகிறார்கள். மூட வேண்டாம். ‘கிராஃபீம் கிளஸ்டர்ஸ்’ என்று ஒரு மெத்தட் 2.5 பதிப்பு முதல் ரூபியிலேயே இருக்கிறது. அதே சொல்லிடம் அதைக் கேட்டால் த, மி, ழ் என்று நாம் எண்ணுகிற மாதிரியே மூன்றாகப் பிரித்துத் தரும். கூடுதலாக எதையும் பதிவிறக்க வேண்டியதில்லை. எனக்கு ரூபி மேல் நம்பிக்கை வந்தது இந்த இடத்தில்தான்.

இது கிடைத்துவிட்டால் அகரவரிசைக்கு வழி திறந்துவிடும். நம் நெடுங்கணக்கை வரிசைப்படி ஒரு பட்டியலாகக் கொடுக்க வேண்டும். 247 எழுத்தையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. பதினெட்டு மெய்களை ஒரு பட்டியலாகவும், புள்ளி, வெற்றிடம், பதினோரு உயிர்க்குறிகள் என்று பதின்மூன்றை இன்னொரு பட்டியலாகவும் வைத்து, ‘ப்ராடக்ட்’ என்று கேட்டால் இரண்டையும் குறுக்கே பெருக்கி 234-ஐயும் தந்துவிடும். முன்னால் உயிர் பன்னிரண்டையும் ஆய்தத்தையும் சேர்த்தால் முடிந்தது. புள்ளியை முதலில் வைப்பது முக்கியம். அப்போதுதான் க் முன்னும் க பின்னும் வந்து, பக்கத்துக்குப் பிறகு பகல் வரும். பிறகு ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் இட எண்ணைக் கொடுத்து ஒரு ஹாஷ், அதாவது எழுத்தைச் சொன்னால் எண்ணைத் தரும் அட்டவணை, செய்துகொண்டு, ‘சார்ட் பை’ கட்டளைக்குள் ‘சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரி, ஒவ்வொன்றின் இட எண்ணையும் எடு’ என்று சொன்னால் போதும். நானூறு பக்க நூலின் சொற்களைச் சில நொடியில் சரியான அகராதி வரிசையில் அடுக்கித் தருகிறது. மொத்தம் பத்துப் பன்னிரண்டு வரிதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பட்டியலில் இல்லாத ஒரு எழுத்து, உதாரணத்துக்கு ஒரு ஆங்கில எழுத்தோ தனியாகத் தொங்கும் கொம்போ, சொல்லுக்குள் இருந்தால் ஹாஷ் ‘நில்’ தரும். உடனே ‘அரேயை அரேயோடு ஒப்பிட முடியவில்லை’ (அரே என்றால் பட்டியல்) என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தியோடு நிரல் நின்றுவிடும். எந்தச் சொல், எந்த எழுத்து என்று அது சொல்லாது. சதுர அடைப்புக்குறி போட்டு எடுப்பதற்குப் பதிலாக ‘ஃபெட்ச்’ என்ற மெத்தடால் எடுங்கள். எந்த எழுத்து கிடைக்கவில்லை என்று பிழைச்செய்தியிலேயே காட்டிவிடும். மெய்ப்புப் பார்க்கிறவர்களுக்கு இது இரட்டை லாபம். அப்படிச் சிக்குகிற எழுத்துகள் பெரும்பாலும் பிரதியில் உள்ள உண்மையான பிழைகள்.

ஒரு வகை ஆப்ஜெக்டுக்கு வார்ப்பாக இருக்கும் கிளாஸ் என்பதை எதற்கு எழுத வேண்டும் என்பதும் எனக்குச் சொல்லடைவில்தான் விளங்கியது. அடைவில் ஒரு பதிவு என்றால் அதில் ஒரு சொல் இருக்கிறது, பக்க எண்கள் இருக்கின்றன, ‘காண்க’ என்ற குறிப்பு இருக்கலாம். இந்த மூன்றையும் ஒரு கிளாஸுக்குள் வைத்து, இரண்டு பதிவுகளில் எது முன், எது பின் என்பதை <=> என்ற குறியின் கீழ் எழுதிவிட்டால், அதற்குப் பிறகு வெறும் ‘சார்ட்’ என்று சொன்னாலே போதும். அகரவரிசை எது என்று பதிவுக்கே தெரியும், நிரலின் மற்ற பகுதிகள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ‘கம்பேரபிள்’ என்ற மாட்யூலையும் (ஆயத்த மெத்தட்களின் தொகுப்பு) சேர்த்துக்கொண்டால், இது அதைவிடப் பெரிதா, இந்த இரண்டுக்கும் நடுவில் வருமா என்றெல்லாமும் கேட்கலாம். ஒரு பதிப்பகம் கிரந்த எழுத்துகளைக் கடைசியில் வைக்கச் சொல்லும், இன்னொன்று ஜ-வைச் ச-வோடு சேர்க்கச் சொல்லும். ஒரே இடத்தில் மாற்றினால் அடைவு முழுக்க மாறிவிடுகிறது. க்ஷ-வை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். கிராஃபீம் கணக்கில் அது க், ஷ என்று இரண்டாகப் பிரியும்.

கிளாஸ் எழுதத் தொடங்குகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே சொல்லை வைத்து இரண்டு ஆப்ஜெக்ட் செய்தால் ஹாஷின் கண்ணுக்கு அவை இரண்டும் வேறு வேறு. தொகுக்கச் சொன்னால் ‘சோழர்’ நாற்பது இடத்தில் வந்தால் நாற்பது தனிப் பதிவாக நிற்கும். ‘ஹாஷ்’, ‘ஈக்யூஎல்’ (eql?) என்ற இரண்டு மெத்தடையும் நாமே வரையறுக்க வேண்டும், அல்லது தொகுப்பதைச் சொல்லை வைத்தே முடித்துவிட்டு ஆப்ஜெக்டைக் கடைசியில் செய்ய வேண்டும். தொடக்கநிலையில் இரண்டாவது வழி எளிது.

பிரதியைச் சுத்தம் செய்வது தனிக் கதை. பார்வைக்கு ஒன்றாக இருக்கும் ‘கொ’ கோப்புக்குள் இரண்டு விதமாக இருக்கலாம். ஒகரக் குறி ஒரே எழுத்தாக இருக்கலாம், அல்லது முன்கொம்பும் காலும் தனித்தனியாக இருக்கலாம். தேடினால் பாதி கிடைக்காது. ‘யூனிகோடு நார்மலைஸ்’ என்ற மெத்தட் 2.2 முதல் உள்ளேயே இருக்கிறது. கோப்பைத் திறந்ததும் முதல் வேலையாக அதை ஓட்டிவிடுங்கள். பழைய நோட்பேடில் சேமித்த கோப்பின் தலையில் பிஓஎம் என்ற கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று உட்கார்ந்திருக்கும். திறக்கும்போதே அதைக் கழிக்கச் சொல்ல ரூபியில் வழி உண்டு. பக்க வடிவமைப்பிலிருந்து வரும் உரையில் அகலமில்லாத இணைப்பு விலக்கிகள் சொல்லுக்கு நடுவில் கிடக்கும். அவை தமிழ் எழுத்து வகையில் சேராததால், தமிழ்ச் சொற்களை மட்டும் எடுக்கச் சொன்னால் ஒரு சொல் இரண்டாக வெட்டுப்படும். முதலில் அவற்றை நீக்கிவிட வேண்டும். ஔகாரத்துக்கு ‘ஒ’வும் ‘ள’வும் தட்டியிருக்கும் ஔவையார் பிழையை மட்டும் எந்த மெத்தடும் பிடிக்காது, நாம்தான் தேட வேண்டும்.

மெய்ப்புக்கு நான் தினமும் பயன்படுத்துவது ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது தேட வேண்டிய எழுத்து அமைப்பைக் குறிகளால் சொல்லும் முறை. ஒன்றைக் காட்டுகிறேன்:

(அந்த|இந்த|எந்த) [கசதப]

இவ்வளவுதான். அந்த, இந்த, எந்த என்ற சுட்டு வினாச் சொற்களுக்குப் பின் வல்லினம் வந்தும் ஒற்று மிகாமல் கிடக்கும் இடங்களை எல்லாம் வரி எண்ணோடு தந்துவிடும். அ, இ, எ என்பவை சொல் முதலில் மட்டுமே உயிராக வரும் என்பதால் ‘வந்த’, ‘சிறந்த’ போன்றவை இதில் மாட்டாது. இப்படி நன்னூல் விதிகள் பலவற்றை ஒரு வரியில் எழுதிவிட முடிகிறது. எல்லாவற்றையும் முடியாது. வேற்றுமைத் தொகையா எழுவாய்த் தொடரா என்பதைக் கண்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஆனால் இயந்திரம் பார்க்கக்கூடியதை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டால், களைப்பில்லாத கண்ணோடு மற்றதைப் பார்க்கலாம்.

தமிழ் எழுத்துகளை மட்டும் குறிக்க ரூபியின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் தனிக் குறியே இருக்கிறது. பாடநூல்களில் சொல்லுக்குப் பயன்படுத்தும் ‘பின்சாய்வு டபிள்யூ’வை நம்பாதீர்கள். ரூபியில் அது ஆங்கில எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே பிடிக்கும், தமிழ்க் கோப்பில் ஒன்றுமே கிடைக்காது.

குறைகளில் என்னை மிகவும் உறுத்துவது கிளாஸ் பெயர். மாறிக்கும் மெத்தடுக்கும் தமிழ்ப் பெயர் வைக்கலாம் என்றேன். கிளாஸுக்கு முடியாது. கிளாஸ் பெயர் பெரிய எழுத்தில் தொடங்க வேண்டும் என்பது ரூபியின் இலக்கணம். தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து கிடையாது என்பதால் நம் எழுத்துகளை எல்லாம் சிறிய எழுத்தாகவே எடுத்துக்கொள்கிறது. முன்னால் ஒரு ஆங்கிலப் பெரிய எழுத்தை ஒட்டவைத்துச் சமாளிக்கலாம், ஆனால் பார்க்க நன்றாக இல்லை. பெரிய எழுத்து என்ற வேறுபாடே இல்லாத எழுத்துமுறை உலகில் நிறைய உண்டு, ஜப்பானிய எழுத்து உட்பட. இந்த விதியைத் தளர்த்தினால் தமிழ் வழியில் படிக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கு எவ்வளவு எளிதாக இருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்தது, விண்டோஸின் கறுப்புத் திரையில் தமிழ் கட்டம் கட்டமாகவோ கொம்பு கழன்றோ தெரியும். இது ரூபியின் பிழை அல்ல, அந்தத் திரை அப்படி. முடிவுகளை ஒரு கோப்பில் எழுதச் சொல்லி நல்ல எடிட்டரில் திறந்து பாருங்கள், சரியாக இருக்கும். ரூபியின் அதிகாரபூர்வத் தளம் ஜப்பானியம், கொரியம், இந்தோனேசியம், வியட்நாமியம் என்று பல மொழிகளில் இருக்கிறது, தமிழில் இல்லை. யாராவது ஒரு குழுவாக உட்கார்ந்தால் செய்துவிடலாம்.

பைத்தானோடு ஒப்பிட்டுக் கேட்பார்கள். தமிழ்க் கணிமைக்கு ஆயத்தக் கருவிகள் பைத்தானில்தான் அதிகம், ‘ஓப்பன் தமிழ்’ நிரலகமே அதில்தான் இருக்கிறது. கல்லூரியில் சொல்லித்தருவதும், சந்தேகம் கேட்க ஆள் கிடைப்பதும் அதற்குத்தான். ஆனால் பைத்தானோடு வரும் அடிப்படைக் கருவிகளில் எழுத்தெழுத்தாகப் பிரிக்கும் வசதி கிடையாது. தமிழ் எழுத்தைக் குறிக்கும் தனிக் குறியும் அதன் இயல்பான ரெகுலர் எக்ஸ்பிரஷனில் கிடையாது. வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். பெரிய தரவு, இயந்திரக் கற்றல் என்று போகிறவர்கள் பைத்தானுக்கே போகட்டும். ஒரு பிரதியை எடுத்து, அலசி, அடுக்கி, திருத்தித் தர வேண்டும் என்றால் நான் ரூபியைத்தான் சொல்வேன்.

வேலைவாய்ப்புக்காகக் கற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரூபி என்றாலே பலருக்கு 2004-ல் வந்த, இணையத்தளம் கட்ட உதவும் ரெயில்ஸ்தான் நினைவுக்கு வருகிறது. சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் அதில்தான் எழுதப்பட்டது, கிட்ஹப்பும் ஷாப்பிஃபையும் அதில்தான் எழுந்தன. வேலைக்கு அது வேண்டும்தான், ஆனால் தொடக்கத்திலேயே அதற்குள் குதிக்க வேண்டாம். தளம், தரவுத்தளம், அமைப்புக் கோப்புகள் என்று பத்து விஷயம் ஒரே நேரத்தில் வந்து விழும், மொழியின் அழகு கண்ணில் படாமலே போய்விடும். முதலில் ஐஆர்பியைத் திறந்து, உங்களிடமே இருக்கும் ஒரு தமிழ் உரைக் கோப்பை எடுத்து, அதில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று கேளுங்கள். ‘டாலி’ என்ற மெத்தட் அதற்கென்றே 2.7 முதல் இருக்கிறது. பிறகு அகரவரிசைக்குப் போங்கள். கிளாஸ் எழுத வேண்டிய தேவை அங்கே தானாக வந்து நிற்கும்.